கப்பல்துறைக்குப் போனால் பையில் புகையிலை வேண்டாம்

திருகோணமலைக்குப் போகிறவர்கள் கோயிலையும் கடலையும் வெந்நீரூற்றையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். போன மாசியில் நான் போனது செடிக்கு வைரஸ் ஏற்றுவதைப் பார்க்க! ஏற்றுகிறவள் என் பல்கலைக்கழகச் சிநேகிதி சுபா. அவள் போனில் சொன்னபோதே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உலகத்தில் உள்ள வைரஸ் போதாதென்று இவள் வேறு வளர்க்கிறாளா?

யாழ்ப்பாணத்தில் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினால் வவுனியா வழியாக மதியத்துக்குத் திருகோணமலை. வெறுங்கையோடு எப்படிப் போவது? சுபாவின் அப்பா வெற்றிலைப் பிரியர். எங்கள் ஊர்ப் புகையிலை ஒரு கட்டு வாங்கிப் பையில் வைத்தேன். வழியில் கடதாசி கிழிந்துவிட, மடியில் போட்டுத் திரும்பச் சுற்றினேன்.

பஸ் நிலையத்திலிருந்து கண்டி வீதியால் பன்னிரண்டு கிலோமீற்றர் அளவில் கப்பல்துறை. ஓட்டோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபா. ஓட்டிய நசீர் நானா கிண்ணியாக்காரர். இடத்தைச் சொன்னதும் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“அந்தச் செடித் தோட்டமா? அங்க செடிக்கு நோய் வருத்தம் குடுக்கிறாங்களாம் எண்டு கதை. கவனம் தங்கச்சி.”

என்னை இறக்கிவிட்டு அவர் போன வேகத்தில் புழுதிதான் மிஞ்சியது.

“உது ஆக்களுக்குத் தொத்தாதடி” என்று சிரித்தாள், தோட்டத்து வாசலில் காத்திருந்த சுபா. வைரஸுக்குள் ஒரு புரதத்துக்கான குறிப்பைச் செருகி இலைக்குள் விடுவார்களாம். வைரஸ் பெருகப் பெருக, இலை அந்தப் புரதத்தையும் சேர்த்துச் செய்துகொடுக்குமாம். மருந்தும் இப்படிச் செய்யலாமாம். நோயைக் கொண்டே மருந்தா! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சுபா எடுக்கப் பார்ப்பது டெங்குச் சோதனைக்கு வேண்டிய புரதம். முந்திய இரண்டு தடவையும் சரிவரவில்லை.

“இந்தமுறையும் வராட்டி வேலையை நிப்பாட்டச் சொல்லிப்போட்டினம், காசு தாறவை” என்றாள். “சரி, கை கழுவிப்போட்டு வா.”

போத்தல் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு வலையடித்த கூடாரத்துக்குள் போனேன். வாசலில் ஒரு வாளி நிறையப் பால் இருந்தது. கன்றுக்குட்டிக்காக்கும் என்று கடந்து போனேன். உள்ளே வரிசை வரிசையாகச் சின்னச் செடிகள். குழந்தையின் காது மாதிரி மெல்லிய இலை. ஆசையில் இரண்டு மூன்றைத் தடவிப் பார்த்தேன்.

“அடியே! கையை எடு!”

அப்படியொரு அலறலை நான் கேட்டதில்லை. என் கையைப் பிடித்து முகர்ந்தாள்.

“புகையிலையோ?”

“அப்பாவுக்கு... ஒரு கட்டு...”

“ஐயோ, என்ர வாழ்க்கையை முடிச்சுப்போட்டியேடி!”

காய்ந்த புகையிலைக்குள்ளும் அதன் சொந்த வைரஸ் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். சுபாவின் செடி புகையிலைக்கு உறவு. கையால் தொட்டாலே தொற்றி, அவளுடைய வைரஸை அமுக்கிவிடுமாம். அதற்காகத்தான் வாசலில் அந்தப் பால்மாக் கரைசல். அதில் கையைத் தோய்த்தால் வைரஸ் அடங்குமாம். தொட்ட செடிகளையும் பக்கத்துச் செடிகளையும் பிடுங்கி உடனே எரித்தாள்.

மாலையில் அவள் வீட்டுப் படலைக்கு வெளியே, புகையிலைக் கட்டை மூன்று பைகளுக்குள் போட்டுக்கொண்டு நின்றேன். அப்பா வந்தார். “அவள் இந்தச் செடி வேலைக்குப் போனாப்பிறகு நான் வெத்திலையை விட்டிட்டன் பிள்ளை. திருப்பிக் கொண்டுபோங்கோ” என்றார். சொல்லிவிட்டு, தள்ளி நின்றே மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். எனக்குப் பெரிய வெட்கமாகப் போய்விட்டது.

இப்படியான தோட்டங்களுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்குங்கள். தோய்த்த உடுப்போடு போங்கள். பீடி, சுருட்டு, வெற்றிலை எதையும் தொட்ட கையோடு போகாதீர்கள். வாசலில் வாளி இருந்தால் அது உங்களுக்குத்தான்! திரும்பும்போது கண்டி வீதியில் நின்றால் நகரத்துக்குப் பஸ் கிடைக்கும். நான் அதில் அழுதுகொண்டே வந்தேன்.

இரண்டு கிழமை கழித்து சுபா போனில் அழைத்தாள்.

“தப்பிட்டுதடி! ஒரு இலையிலயும் புகையிலை வைரஸின்ர திட்டு விழேல்லை. புரதம் வந்திட்டுது!”

சந்தை நடுவில் நின்று கத்தினேன். “பொறு, அப்பா கதைக்கவேணுமாம்” என்றாள்.

அப்பா குரலைத் தாழ்த்தினார். “பிள்ளை, அந்தக் கட்டு இன்னும் கிடக்கோ?”

போன் பறிபட்ட சத்தம். பிறகு சுபா: “குடுத்தியெண்டா கொலைதான்! நாளைக்கு அடுத்த செடி வைக்கிறன்.”