குளத்தைச் சுற்றி இன்னொரு முறை

அமெரிக்காவிலிருந்து சுமந்து வந்த குழந்தையின் கார் சீட்டைக் கட்ட, தி. நகரில் பிடித்த ஆட்டோவில் பெல்ட் இல்லை.

"அத்த பின்னால போட்டுக்கலாம். கொயந்தய மடில வச்சிக்கோம்மா," என்கிறார் ஓட்டுநர்.

இரண்டு விமானங்களிலும் கண்மூடாமல் அழுத என் எட்டு மாத மகள், லஸ் சந்திப்பு வருவதற்குள் ஆட்டோவின் குலுக்கலில் தூங்கிவிடுகிறாள். மயிலாப்பூர் குளத்தருகே எங்கள் வீடு. அப்பா போன பிறகு அம்மா தி. நகருக்கு மாறிவிட, பூட்டியே கிடக்கிறது. வாசலில் ஆட்டோ நின்றதும் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கப் பார்க்கிறேன்.

ஓட்டுநர் வண்டியை அணைக்கவில்லை. "ஆஃப் பண்ணா முழிச்சிக்கும்மா. கொளத்த ஒரு ரவுண்டு அடிக்கவா?"

அம்மா சொல்லியிருக்கிறாள்: அவள் மடியில் நான் தூங்கும்வரை அப்பா இந்தக் குளத்தைத்தான் ஸ்கூட்டரில் சுற்றிச் சுற்றி வருவாராம்.

சாவியை மறுபடி பைக்குள் போடுகிறேன்.

"ரெண்டு ரவுண்டா அடிங்கண்ணா."