புகையும் வெடிச்சத்தமும்

இன்று மகளின் பள்ளி மைதானத்தில் ஓட்டம் தொடங்க வெடித்த துப்பாக்கியின் மருந்து வாடை என்னைத் தொண்ணூறுகளுக்கு இழுத்துக்கொண்டு போனது.

பாறசாலையில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு. நூறு மீட்டரை இரண்டு குழுவாக ஓடினோம்; குறைந்த நேரம் எடுத்த ஒருத்திக்குத்தான் இடம். முடிவுக்கோட்டில் நின்ற சார், எங்கள் குழு ஓடியபோது துப்பாக்கிப் புகையைக் கண்டதும் ஸ்டாப்வாட்சை அமுக்கினார். அடுத்த குழுவுக்கு நேரம் பார்க்க வந்தவரோ தலைகுனிந்து நின்று, சத்தம் கேட்ட பிறகே அமுக்கினார். அந்தக் குழுவில் ஓடிய அமரவிளை லதா என்னைவிடக் கால் நொடி குறைவு என்றார்கள்.

நான் விடவில்லை. "சாறே, சத்தம் இங்க வாறதுக்குள்ள அவ ஓடத் தொடங்கியாச்சு. அந்தக் கால் நொடி அவளுக்கில்ல, காத்துக்கு உள்ளதாக்கும்."

"தோத்தா ஒதுங்கி நிக்கணும் பிள்ளே. கணக்கு பறையப்பிடாது."

நான் தொடக்கக் கோட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். அரைமணி நேரம் வெயிலில் எழுப்பிப் பார்த்தார்கள், எழவில்லை. கடைசியில் லதாவே வந்து பக்கத்தில் நின்றாள்.

"சேந்து ஓடுவோம் மக்கா. எனக்கும் தெரியணும்."

ஒரே வெடிக்கு இருவரும் ஓடினோம். ஒரு கை அகலத்தில் லதா ஜெயித்தாள். அந்தத் தோல்வியை அங்கேயே ஒப்புக்கொண்டேன். ஸ்டாப்வாட்ச் சொன்ன தோல்வியை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.