வேலியோரத்துச் செடி

என் குதிகால் வெடித்து ரத்தம் கசிந்த நாட்களில், பள்ளிக்கூட வராந்தாவை நொண்டிக்கொண்டே பெருக்குவேன். யார் கண்ணிலும் படவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் என் துடைப்பத்துக்குப் பக்கத்தில் அரைத்த பச்சிலை ஒரு பொட்டலமாக இருந்தது. வைத்தது இலை அக்கா. கேட்டால், "நானா? உன் காலு எனக்கெதுக்கு?" என்று மழுப்பிவிட்டார்.

இலை அக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பக்கத்துக் காட்டிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஜனங்களில் ஒருவர். அந்த மண்ணின் செடிகளைப் பற்றியும், அவர்கள் ஜனங்கள் அவற்றை எதெதற்கு எடுப்பார்கள் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர். இலையைக் கிள்ளுமுன் "எடுத்துக்கட்டுமா?" என்று செடியிடம் கேட்க வேண்டும், கொஞ்சம் பொறுத்துத்தான் கை வைக்க வேண்டும் என்பார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

அக்காவுடைய ஜனங்களின் வழக்கத்தில் முதல் பாடம் விஷச்செடிதான். பெரிய டீச்சரோ, "எடுத்த எடுப்பிலேயே பயமுறுத்தாதீங்கம்மா, நல்லதைக் காட்டுங்க" என்றார். அக்கா அரைமனதாகத் தலையாட்டிவிட்டு, இருமலுக்கு மெல்லும் இலையைக் காட்டினார்.

அன்று மதியம், அதே வகுப்பில் இருந்த என் கடைக்குட்டியைக் காணோம். காலையிலிருந்தே இருமிக்கொண்டிருந்தாள்.

"வேலிப்பக்கம் இலை பறிக்கப் போனா" என்றாள் அவள் சிநேகிதி.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "அங்க இருக்கறது அது இல்லியே! பார்க்க அதே மாதிரி இருக்கும், கிள்ளினா பால் வரும். உள்ள போச்சுன்னா..."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காதான் இழுத்துக்கொண்டு ஓடினார். கடவுளே, கடவுளே என்பதைத் தவிர என் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

பிள்ளை செடிக்கு எதிரே குந்தியிருந்தாள். அக்கா அவள் நாக்கைப் பார்த்தார், விரல்களை முகர்ந்தார்.

"தின்னியாடி? உண்மையைச் சொல்லு!" என்று கத்தினேன்.

"இல்லம்மா. எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா? பதிலே சொல்ல மாட்டேங்குது. உன்னைவிட அழுத்தம்!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அக்கா சிரிக்கவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் வெளியே போயிற்று. பெற்றவர்கள் வந்து சத்தம் போட்டார்கள். வகுப்பையே நிறுத்திவிட்டார்கள். அக்கா தன் பையை எடுத்துப்போக வந்த அன்று, நான் மண்வெட்டியோடு வேலியோரம் நின்றிருந்தேன். செடியை வேரோடு வெட்டச் சொல்லி உத்தரவு.

அக்கா மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டார். "வெட்டாத. நாளைக்கே வேற எங்கயாவது முளைக்கும், அப்ப அது இன்னதுன்னு ஒரு பிள்ளைக்கும் தெரியாது. முதல்ல இதைக் காட்டு. நான்தான் காட்டாம விட்டுட்டேன், நீயாவது காட்டு."