ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

2004 ஜூலை 6, காலை பத்தேகால். வானம் மூடியிருந்தது, மழை இல்லை, காற்று மட்டும் புழுதியை வாரி அடித்தது. ஓய்வுபெற்றபின் பெரம்பலூரில் நான் நடத்திவந்த திருமணத் தகவல் மையத்துக்குள், விக்கிரமங்கலத்திலிருந்து ஓர் அம்மாள் புடவைத் தூசியைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"தை மாசம் பொண்ணப் பதிஞ்சுட்டுப் போனேங்க. ஒரு ஜாதகம்கூட வரல. அவளுக்கு இருபத்தெட்டு ஆவுது."

கம்ப்யூட்டரில் பெண்ணின் பெயரை அடித்தேன். ஒரே ஒருத்திதான் வந்தாள். "பாடாலூர்தானே?"

"விக்கிரமங்கலம்ங்க! பாடாலூர்ல எனக்கு யாரு இருக்கா?"

நானூற்றுப் பன்னிரண்டு வரன்கள் அந்தப் பெட்டிக்குள் இருந்தார்கள். இன்னும் எத்தனை பேர் தொலைந்தார்களோ? மென்பொருளை எழுதித் தந்த திருச்சிப் பொறியாளரைப் போனில் பிடித்தேன். நிரலில் வரும் பிழைக்கு 'பக்' என்று பெயர் என அவர்தான் சொல்லியிருந்தார்.

"இது பக்தானே?"

"பக் இல்ல சார், லாஜிக். பேரு, இனிஷியல், பிறந்த தேதி மூணும் ஒண்ணா இருந்தா டூப்ளிகேட். பழசை எடுத்துட்டுப் புதுசை வச்சுக்கும். பாடாலூர் பொண்ணு அப்புறமா பதிஞ்சிருக்கும்."

"யோவ், எங்க பக்கம் பள்ளிக்கூடத்துல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான்யா பிறந்தநாள்!"

எதிரே இருந்த அம்மாள் சிரித்துவிட்டார். "அது வாத்தியார் போட்ட தேதிங்க. அவ பொறந்தது ஐப்பசி அடைமழையில. நீங்கதான் சர்ட்டிபிகேட்டக் கேட்டீங்க."

கேட்டேன்தான். சான்றிதழ் இல்லாத தேதியை நான் நம்புவதில்லை.

பாடாலூர்ப் பெண் அழிந்துவிடாமலிருக்கப் பிறந்த தேதியைக் காலியாக விட்டு மறுபடி பதியத் தொடங்கியபோது அவர் மேசையைச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். "இந்தத் தடவை நானும் பாக்குறேங்க. ஊரைச் சரியாப் போடுங்க."

தை மாதம் அவர் பார்த்தது அந்தப் பெட்டியின் முதுகை மட்டுமே. "யூசர்ன்னா நீங்கதான் சார், உங்க வசதிக்குப் பண்ணித் தரேன்" என்று பொறியாளர் முதல் நாள் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என் வசதிக்குத்தான் எல்லாம் இருந்தது. மகளுக்கு வரன் தேடுகிறவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அவரை யூசர் என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை.

'ஒரே ஆளா, வேறு ஆளா' என்று கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது என நிரலைத் திருத்தச் சொன்னேன். எதிரில் உட்காருகிறவர்களுக்கென இரண்டாவதாக ஒரு பழைய திரையும் வாங்கி வைத்தேன். ஆவணியில் அரியலூர் மாப்பிள்ளை வீட்டார் விக்கிரமங்கலத்துப் பெண்ணின் பெயரையும் ஊரையும் பார்த்தது அந்தத் திரையில்தான். தையில் கல்யாணம்.

திருத்தக் கூலி, திரை, கேபிள் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு நாலாயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய்.