எரர் வராத கணக்கு

வெள்ளம் வடிந்த பிறகு, வயல் அழிவைக் கணக்கெடுக்க ஓர் இளம் அதிகாரி முள்ளியவளைக்கு வந்தார். மடிப்புக் குலையாத சட்டை. லப்டொப்பில் சிவப்பெழுத்து வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு முன்பு அழுத்திய அதே பொத்தானையே அழுத்துவார். பிழை கண்ணாடியில்தான் என்று எண்ணினாரோ தெரியாது.

வீடு வீடாக விளைச்சலைக் கேட்டுப் போனவர், மறுநாள் பொதுநோக்கு மண்டபத்தில் அதைக் கூட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று முகம் மலர, பக்கத்தில் நின்ற என்னிடம் சொன்னார்:

"எரர் போயிட்டுது அம்மா. சில பேர் விளைச்சல் சொல்லேல்லை. அந்த இடம் வெறுமையா கிடந்ததாலதான் சொப்ட்வெயர் நிண்டது. அந்த ஆக்களைக் கழிச்சுவிட்டன். இப்ப சராசரி நல்லா வருது."

"ஆர் சொல்லேல்லை?"

"நீங்களும்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெல்லை 'இல்லை' என்று நாங்கள் வாயால் சொல்வதில்லை; வீட்டுக்கு ஆகாது. ஒரு மணியும் மிஞ்சாதவர்கள்தான் பேசாமல் நின்றோம். எங்களைக் கழித்தால் ஊர் நன்றாக விளைந்ததாகத்தான் மேலிடத்துக்குப் போகும். நட்டஈடு எப்படி வரும்?

"வெள்ளம் அள்ளின சனத்தை நீயும் அள்ளி எறிஞ்சிட்டியோ தம்பி? இதுக்கோ படிச்சனீ?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அப்ப என்ன போட?"

"இல்லை எண்டு போடு. ஒரு மணியும் இல்லை."

பூச்சியம் அடித்தார். எரர் வரவில்லை என்று சிரித்தார்.

போரில் இடம்பெயர்ந்து கஞ்சி குடித்த காலத்திலும் நான் சொல்லாத சொல் அது. அதைக் கேட்டபின் ஒரு மனிதனுக்கு எப்படிச் சிரிப்பு வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.