தினமும் புலம்பிய ராணி

சிரம்பானுக்குத் தமிழ் பேசும் படம் வந்து, பார்த்தவன் பார்க்காதவனிடம் மாதக்கணக்கில் கதை சொல்லிக்கொண்டிருந்த காலம். நான் தம்பின் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, அதாவது பேரேடு எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். கல்யாணமாகி, ஊரிலிருந்து மனைவியைக் கப்பலில் அழைத்துவந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

இருவருக்கும் பேச வெட்கம். "சோறு போடவா?" "போடு." எங்கள் இல்லற உரையாடல் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அலமாரி நிறைய நாவல் படித்தவனுக்கு, ஒரு பெண்ணின் மனத்தை அறியப் பேச்சு எதற்கு?

வீட்டில் ஒரு கிராமபோன் வைத்திருந்தேன். விடியுமுன் போய், ஆட்கள் வரிசையில் வந்து நிற்கும் பெரட்டில் பேர் போட்டுவிட்டு, காலைப் பசியாற வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதில் ஒரே பிளேட்டுதான் ஓடிக்கொண்டிருக்கும். காட்டில் வழிதவறிய ராணி, பிறந்த வீட்டை நினைத்துப் புலம்புகிற நாடகப் பாட்டு. அது முடிந்ததும் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவாள். என் நாவல்களில் கதாநாயகிகள் அழுவதற்கு இப்படித்தான் ஓடுவார்கள். ஊர் ஏக்கம், சந்தேகமேயில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம் யோசனை கேட்டேன்.

"மருந்து குடுத்தா தீர்ற சீக்கா இது? ஊருக்கு அனுப்பிவை லா. ஆனா ஒண்ணு கிராணி, போனா திரும்பி வருமான்னு என்னைக் கேக்காதே."

அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இருந்தாலும் தியாகம் செய்கிற கதாநாயகர்களையும் நான் நிறையப் படித்திருந்தேன். மறுநாள் பசியாற உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்த கப்பல்ல நீ ஊருக்குப் போயிட்டு வா," என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. என் முன்னால் இருந்த கோப்பையை எட்டிப் பார்த்தாள்.

"முட்டை சரியா வேகலையா?"

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அரைவேக்காட்டு முட்டை சாப்பிடுகிறார் என்று நானும் அதைப் பழகியிருந்தேன். கெட்டியாகவும் கூடாது, தண்ணியாகவும் கூடாது என்று வந்த அன்றே அவளுக்கு உத்தரவும் போட்டிருந்தேன்.

"முட்டைக்கு என்ன? நீ அழுவுறதைப் பார்க்க முடியல. தினமும் அந்தப் பாட்டு..."

"வீட்டுல கடிகாரம் ஏது? இருக்கிற ஒண்ணும் உங்க சட்டைப்பையில போயிடுது. அந்தம்மா அழுது முடிக்கிறதுக்கும் முட்டை வேகுறதுக்கும் சரியா இருக்கு. முடிஞ்சதும் ஓடிப்போய் எடுத்துடுவேன்."

"வேற பாட்டே கிடைக்கலையா?"

"நல்ல பாட்டு வச்சா நின்னு கேட்டுடுவேன், முட்டை கல்லாயிடும். அதோட, உங்களுக்கு இது பிடிக்குமேன்னு நெனச்சேன். அந்தத் தடிப் புத்தகத்தைப் படிச்சுட்டு அப்படி மூக்கைச் சிந்தினீங்களே."

அவளுக்குப் பிடித்தது எதுவென்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பெரிய மனிதர்கள் கண்ணில் படக் கூடாதென்று பிளேட்டுப் பெட்டியின் அடியில் நான் ஒளித்துவைத்திருந்த கோமாளிப் பாட்டை எடுத்துப் போட்டாள். கோமாளி பாடி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கப்பல் அவள் இல்லாமலே போயிற்று. இன்றைக்கும் யாரைப் பற்றியாவது எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று தோன்றினால், உடனே அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். அன்று ஒன்றும் கேட்காமலே அவளைக் கப்பல் ஏற்றியிருந்தால் நான் எதை இழந்திருப்பேன் என்பதை நினைக்க இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.