செத்தவன் பல்

மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில் எனக்குப் பல் கட்டிய சீனரை மூன்று மாதம் நான் பிணந்திருடியாகவே நினைத்திருந்தேன்.

கட்டுப்பல் வைத்த சில நாட்களிலேயே என் வாய் நாறத் தொடங்கியது. நான் பேச வாய் திறந்தாலே மனைவி ஆரோக்கியம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கப்பல் ஆபீசில் என்னோடு வேலை பார்த்த சூசை காதோடு சொன்னான்: "செத்தவன் பல்லப் புடுங்கி வச்சிருப்பான்லா அண்ணே. அதான் இந்த வாடை."

நம்பிவிட்டேன். பல்லைப் பறிகொடுத்த அந்த ஆத்துமா மோட்சம் சேர, தினமும் ஒரு செபமாலை சொன்னேன். நாற்றம் கூடியதே தவிர, குறையவில்லை. ஈறும் எரிந்தது.

கடைசியில் சண்டைக்கென்றே அவர் கடைக்குப் போனேன். "யாரோட பல்லு இது?" என்று மலாயில் கத்தினேன்.

"தினம் கழட்டிக் கழுவுறியா?" என்று அவரும் மலாயில் கேட்டார்.

"பொண்டாட்டி முன்னாடி பொக்கை வாயோட நிக்கச் சொல்றியா?"

அவர் தன் வாயிலிருந்த இரண்டு வரிசையையும் கழற்றி, என் கண் முன்னாலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். பிறகு பொக்கை வாயோடு சிரித்தார். "பீங்கான் பல்லு. படுக்கும்போது தண்ணியில போட்டு வை. ஈறும் தூங்கணும்."

நானும் கழற்றினேன். அடியில் மூன்று மாதச் சோறும் கறியும் ஒட்டியிருந்தன.

அந்தச் செபமாலைகள் எந்த ஆத்துமாவுக்குப் போய்ச் சேர்ந்தனவோ, தெரியாது. இப்போதெல்லாம் யார்மேலாவது சந்தேகம் வந்தால், முதலில் என் பல்லைக் கழற்றிப் பார்க்கிறேன்.